நீங்கள் எந்தப் பயில்வான்?

ஒரு கேள்வி. யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். மல்யுத்தச் சாம்பியன்களில் நீங்கள் யாரைப் போன்றவர்?

வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும். தாத்தா, "தாராசிங்" என்பார். அப்பா, "அண்டர்டேக்கர்" என்பார். பையன், "ஜான் சீனா" என்பான். அம்மா மட்டும், "எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது" என்று எழுந்து போய்விடுவார். அம்மாவைப் போன்ற சாம்பியனும் உண்டு. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"ஏன் அவர்?" என்று அடுத்த கேள்வி கேளுங்கள். "அவர் பலசாலி", "அவர் யாருக்கும் பயப்பட மாட்டார்", "அவரை அடிக்க ஆளே இல்லை" என்று பதில் வரும்.

இங்கேதான் கோளாறு. நாம் கேட்டது, "நீ யாரைப் போல இருக்கிறாய்?" என்று. வந்த பதிலோ, "நான் யாரைப் போல இருக்க ஆசைப்படுகிறேன்" என்பது. இரண்டும் ஒன்றா? மலை எங்கே, மடு எங்கே!

இந்த விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல விளையாட்டுதான். ஆனால் பெல்ட்டையும் புஜத்தையும் பார்த்துப் பொருத்தம் பார்க்கக் கூடாது. தோற்றபோது அவர் என்ன செய்தார்? அடிபட்டபோது என்ன செய்தார்? எதிராளியின் தலை தன் கையில் இருந்தபோது என்ன செய்தார்? இதையெல்லாம் பார்க்க வேண்டும். அப்போதுதான் பொருத்தம் சரியாக வரும். இது என் கட்சி.

சீட்டில் இல்லாத சமாசாரம்

1990-களிலும் அதற்குப் பின்னும் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு "டிரம்ப் கார்டு" ஞாபகம் இருக்கும். பெட்டிக்கடையில் கட்டுக்கட்டாகத் தொங்கும். சீட்டுக்கு ஒரு மல்யுத்த வீரர் படம். படத்தின் கீழே உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று அச்சிட்டிருக்கும். ஒருவன் "எடை!" என்பான். யார் சீட்டில் எடை அதிகமோ அவன் மற்றவன் சீட்டைப் பிடுங்கிக்கொள்வான். கணக்குப் பாடத்தில் கோட்டை விட்ட பையன்கூட, எந்த வீரர் எத்தனை பவுண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்!

சீட்டில் எல்லாம் இருந்தது. குணம் மட்டும் இல்லை. கோபம் எவ்வளவு, பொறுமை எவ்வளவு, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது எவ்வளவு என்று யாரும் அச்சிடவில்லை. அச்சிட்டிருந்தால் முதல் இடத்துச் சீட்டுகள் பல கடைசி இடத்துக்குப் போயிருக்கும்.

வேஷம் வேறு, ஆள் வேறு

மல்யுத்தம் இரண்டு வகை. ஒலிம்பிக் பந்தயத்தில் நடப்பது போட்டி. யார் ஜெயிப்பார் என்று முன்னால் யாருக்கும் தெரியாது. பெல்ட்டும் பாட்டும் வெடியுமாக டெலிவிஷனில் வருவது தொழில்முறை மல்யுத்தம். அதில் யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்துவிடுகிறார்கள். 1989-ல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் அரசாங்கக் கட்டுப்பாடு பற்றிப் பேச்சு வந்தது. அப்போது டபிள்யூ.டபிள்யூ.எப். கம்பெனியே, இது போட்டியல்ல, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது.

யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதும் கம்பெனி வைக்கிற சட்டம். கெட்டவருக்கு அந்தத் தொழிலில் "ஹீல்" என்று பெயர். குதிகால் என்று அர்த்தம். இன்று கெட்டவராக வந்து கடித்துக் குதறுகிறவர், ஆறு மாதம் கழித்து நல்லவராக வந்து குழந்தைகளுக்குக் கை கொடுப்பார். நேற்று இரணியன் வேஷம் கட்டியவர் இன்று அரிச்சந்திரன் வேஷம் கட்டுவது போல.

அப்படியானால் எல்லாமே பொய்யா? இல்லை. விழுவது உண்மை! கோதாவின் தளத்தை மெத்தை என்று நினைக்காதீர்கள். இரும்புச் சட்டம். அதன்மேல் பலகை. பலகைமேல் மெல்லிய நுரை விரிப்பு. அதன்மேல் கித்தான். அவ்வளவுதான். தூக்கிப் போடுகிறவர் பிடியைத் தவற விட்டால் விழுகிறவரின் கழுத்து போய்விடும்.

ஆகவே ஒரு விந்தையைக் கவனியுங்கள். பார்க்க யார் கொடியவரோ, அவர்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பல்லை நறநறவென்று கடிப்பார். கண்ணை உருட்டுவார். கை மட்டும் எதிராளியின் தலையைப் பச்சைக் குழந்தையின் தலை போலத் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் மெத்தைமேல் இந்தச் சண்டை போடுவதைப் பார்த்தேன். (பிள்ளைகள் இந்தத் தூக்கிப் போடும் விளையாட்டை விளையாடவே கூடாது. அது தனிக் கதை.) அண்ணன் எப்போதும் வில்லன். "ஏன் அவன் மட்டும்?" என்று கேட்டேன். "அவன் பிறவி முரடன் சார். இவன் சாது" என்றார் தாயார். முரடன் என்ன செய்தான் தெரியுமா? தம்பியைத் தள்ளுவதற்கு முன்னால், அவன் தலை விழப்போகும் இடத்தில் காலாலேயே ஒரு தலையணையை நகர்த்தி வைத்தான். பிறகுதான் "ஹா! ஹா!" என்று சிரித்தான். தாயார் அதைக் கவனிக்கவில்லை.

எத்தனை வீடுகளில் இப்படி ஐந்து வயதிலேயே பட்டம் கட்டிவிடுகிறோம்! முரடன், சோம்பேறி, அழுமூஞ்சி, சாது. பட்டம் கட்டுகிறவர்களுக்கு ஒரு நிமிஷ வேலை. சுமக்கிற பிள்ளைக்கோ ஆயுள் முழுவதும்.

காது செவிடாகிவிட்டதா?

சீட்டுக் கட்டுகள் வருவதற்கு முன்பே புகழ் பெற்றவர் புரூனோ சம்மார்ட்டினோ. இத்தாலியில் மலைமேல் ஒரு கிராமத்தில் 1935-ல் பிறந்தார். இரண்டாவது உலகப் போரின்போது ஜெர்மானியப் படை ஊருக்குள் புகுந்தது. தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையில் ஒளிந்தார். தின்ன ஒன்றும் இல்லை. தாயார் மட்டும் ரகசியமாக ஊருக்குள் இறங்கி, தன் வீட்டிலேயே திருடியைப் போல நுழைந்து, இருக்கிற தானியத்தை எடுத்துக்கொண்டு மலை ஏறுவார். புரூனோ நோயில் விழுந்தார். 1950-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது எலும்பும் தோலும்தான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அடித்து விரட்டினார்கள்.

அந்த ஒல்லிப் பையன் எடை தூக்கப் பழகினான். 1959-ல் படுத்தபடி 565 பவுண்டு எடையை மேலே தள்ளினான். 1963 மே 17-ந் தேதி நியூயார்க்கில் பட்டி ரோஜர்ஸ் என்பவரை 48 விநாடியில் வென்று சாம்பியன் ஆனார். ஏழரை வருஷத்துக்கு மேல் பட்டம் அவரிடமே இருந்தது. இத்தாலியரும், மற்ற ஊர்களிலிருந்து பிழைக்க வந்த ஏழைகளும், தங்கள் வீட்டுப் பிள்ளையாக அவரை நினைத்தார்கள்.

1971 ஜனவரி 18-ந் தேதி. அதே நியூயார்க். மாடிசன் சதுக்க அரங்கம். புரூனோ தோற்றார். அரங்கத்தில் சத்தமே இல்லை. இருபதாயிரம் பேர் கூடியிருந்த இடம் மயானம் போல இருந்தது. தனக்குக் காது கேட்காமல் போய்விட்டதோ என்று புரூனோ பயந்துவிட்டார். பல வருஷம் கழித்தும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைத் தோற்கடித்தவர் யார்? "ரஷ்யக் கரடி" ஈவான் கோலாஃப். சிவப்பு உடை, மொட்டைத் தலை, தாடி. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் பகை மூண்டிருந்த காலம். ஜனங்கள் அவரைக் கண்டாலே கல்லெறியத் துடித்தார்கள். ஆனால் அவர் ரஷ்யரே அல்ல. கனடாக்காரர்! ஓரியல் பெராஸ் என்பது சொந்தப் பெயர். "நான் கோலாஃப் மாதிரி கொடியவன்" என்று மார் தட்டுகிறவர், கனடாக்காரர் ஒருவர் கட்டிய வேஷத்தைப் பார்த்து மார் தட்டுகிறார்.

புரூனோவுடையது வேஷம் இல்லையா என்று கேட்பீர்கள். 1976 ஏப்ரலில் ஸ்டான் ஹான்சன் என்ற வாலிபர் அவரைத் தூக்கினார். பிடி தவறியது. புரூனோ தலைகீழாக இறங்கினார். கழுத்து எலும்பு முறிந்தது. பக்கவாதம் வராமல் மயிரிழையில் தப்பினார். இது நாடகம் இல்லை, விபத்து. இரண்டு மாதம்தான். ஜூன் 25-ந் தேதி மறுபடியும் கோதாவில் ஏறினார். எதிரில் நின்றவர் யார்? அதே ஹான்சன்! தன் கழுத்தை முறித்த கையிடம் மறுபடியும் கழுத்தைக் கொடுத்தார்.

பலம் இருப்பவர்கள் எல்லாம் புரூனோ ஆக முடியாது. "போன தடவை இவனால்தான் நஷ்டம் வந்தது. இருந்தாலும் வேலை தெரிந்த பையன். இன்னொரு தடவை பார்ப்போம்" என்று சொல்லும் கடை முதலாளி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர்தான் புரூனோ. தொப்பை இருந்தாலும் பரவாயில்லை.

ஒரே ஆள், மூன்று குணம்

இனி நம் பக்கத்துக் காமா பயில்வான் கதைக்கு வருவோம். கதாநாயகன் காமா என்று நினைக்காதீர்கள். நான் சொல்லப் போவது அவருடைய எதிராளியைப் பற்றி.

காமா பஞ்சாபில் பேர் எடுத்தவர். 1910-ல் லண்டன் போனார். ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் இல்லை. குள்ளம் என்று பந்தயத்தில் சேர்க்க மறுத்தார்கள். காமா சவால் விட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார். அமெரிக்காவின் ரோலர் வந்தார், வீழ்ந்தார். பிறகு வந்தவர் போலந்து நாட்டு ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. பாறை போன்ற தேகம்.

செப்டம்பர் 10-ந் தேதி சண்டை. காமா எடுத்த எடுப்பில் பிடித்து அமுக்கினார். ஸ்பிஷ்கோ பார்த்தார். எழுந்து நின்றால் ஆபத்து என்று தெரிந்துகொண்டார். குப்புறக் கவிழ்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டார். ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை மணிக்கு மேலும் ஆயிற்று. காமாவால் புரட்ட முடியவில்லை. சண்டை வெற்றி தோல்வி இல்லாமல் நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டும். ஸ்பிஷ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்குப் போயிற்று.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். ஸ்பிஷ்கோவோ மண்ணை விட்டு மீசையை எடுக்கவே இல்லை!

கோழை என்றுதானே சொல்வீர்கள்? பொறுங்கள்.

1925-ல் அமெரிக்காவில் வேய்ன் மன் என்ற கால்பந்து வீரரைச் சாம்பியன் ஆக்கி வைத்தார்கள். ஆள் ஆஜானுபாகு. குஸ்தி மட்டும் தெரியாது. பட்டம் கொடுத்தால் கூட்டம் வரும், பணம் வரும் என்று கணக்கு. ஏப்ரல் 15-ந் தேதி பிலடெல்பியா நகரத்தில் ஸ்பிஷ்கோ அவரிடம் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்பிஷ்கோவுக்கு அப்போது வயது 46. கிழவன் என்று நினைத்துவிட்டார்கள். கோதாவில் ஏறிய கிழவர் பேச்சை மீறினார். மன்னைப் பிடித்துப் பிடித்துப் புரட்டினார். எல்லோர் கண் முன்னாலும் நடந்ததால் நடுவராலும் மறைக்க முடியவில்லை. பட்டம் ஸ்பிஷ்கோவுக்கு!

இது வீரமா, துரோகமா? வித்தை தெரியாதவனைச் சாம்பியன் ஆக்கியது தப்புதான். ஆனாலும் கை நீட்டி ஒப்புக்கொண்ட பிறகு மீறலாமா? நான் துரோகம் என்றுதான் சொல்வேன். என் வீட்டில் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

மூன்றாவது காட்சி, 1928 ஜனவரி, பாட்டியாலா சமஸ்தானம். மகாராஜா ஏற்பாடு செய்த பந்தயம். காமாவும் ஸ்பிஷ்கோவும் மறுபடி மோதினார்கள். இருவருக்கும் ஐம்பதை நெருங்கிய வயது. தோற்றால் உலகம் சிரிக்கும் என்று ஸ்பிஷ்கோவுக்குத் தெரியும். பழைய கணக்கு பதினேழு வருஷமாக நிற்கிறது. தீர்க்காமல் இருந்தாலும் கேட்பார் இல்லை. ஆனாலும் கடல் தாண்டி வந்தார். இந்தத் தடவை குப்புறப் படுக்கவில்லை. நின்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காமா அவர் முதுகை மண்ணில் சாய்த்தார்.

கோழையும் அவரே. துரோகியும் அவரே. கடனைத் தீர்க்கக் கடல் தாண்டி வந்தவரும் அவரே. "நான் ஸ்பிஷ்கோ" என்று ஒருவர் சொன்னால், "எந்த வருஷத்து ஸ்பிஷ்கோ?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்களையும் என்னையும் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான். 2010-ல் நம்மைப் பார்த்தவர் சொல்வது ஒன்று. நேற்றுப் பார்த்தவர் சொல்வது வேறு.

1950-ல் "நைட் அண்ட் தி சிட்டி" என்ற படத்தில் ஸ்பிஷ்கோ நடித்தார். வயது 71. என்ன வேஷம் தெரியுமா? பொய்ச் சண்டையை வெறுத்து, அசல் மல்யுத்தமே உயிர் என்று நினைக்கும் கிழப் பயில்வான் வேஷம்!

காமா என்ன ஆனார்? 1947-ல் நாடு பிரிந்தபோது லாகூரில் இருந்தார். அவர் தெருவில் இந்துக் குடும்பங்கள் இருந்தன. வெறிக் கும்பல் வந்தபோது குறுக்கே நின்று அவர்களைக் காப்பாற்றினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெல்ட் இல்லை, நடுவர் இல்லை, டிக்கெட் இல்லை. 1960-ல் காலமானார். காமாவைப் போன்றவன் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர் தண்டால் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம். அண்டை வீட்டாரைக் கேட்டால் போதும்.

வாசனைத் தண்ணீர் வீரர்

"அழகர் ஜார்ஜ்" என்று ஒருவர். ஆங்கிலத்தில் "கார்ஜியஸ் ஜார்ஜ்". சொந்தப் பெயர் ஜார்ஜ் வாக்னர். அமெரிக்காவில் டெலிவிஷன் புதிதாக வந்த காலம். முதலில் சாதாரண வீரராகத்தான் இருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைமயிரைப் பொன்னிறமாக்கிச் சுருட்டிக்கொண்டார். பட்டு அங்கி போட்டார். அவர் கோதாவுக்கு வருமுன் ஒரு வேலையாள் வந்து வாசனைத் தண்ணீர் தெளிப்பான். எதிராளியின் மூலையிலும் தெளிப்பான்! ஜனங்கள் திட்டினார்கள். திட்டுவதற்காகவே டிக்கெட் வாங்கினார்கள். 1961-ல் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு வாலிபக் குத்துச்சண்டை வீரர் இவரைப் பார்த்தார். வாயைத் திறந்து பெருமையடித்தால் அதை அடக்குவதைப் பார்க்கவே கூட்டம் வரும் என்ற தந்திரத்தைக் கற்றுக்கொண்டார். அந்த வாலிபர்தான் பின்னாளில் முகமது அலி.

ஜார்ஜின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. பந்தயத்தில் தோற்று, அந்தப் பொன்மயிரையே ஜனங்கள் முன்னால் சிரைத்துக்கொண்டார். 1963-ல் 48 வயதில், கையில் காசில்லாமல் இறந்தார். கல்யாண வீட்டில் பெரிய குரலில் பேசும் சித்தப்பாவைப் பார்த்து, "இவர் அழகர் ஜார்ஜ்" என்று சிரிப்பவர்கள், கூட்டம் போன பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்றும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

பாதியில் விட்டவர்களுக்கும் ஒரு சாம்பியன் உண்டு. ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட். எஸ்டோனியா நாட்டுக்காரர். 1908-ல் சிகாகோவில் ஃபிராங்க் காட்ச் என்பவரோடு இரண்டு மணி நேரம் மோதினார். காட்ச் உடம்பில் எண்ணெய் பூசி வந்ததாக முறையிட்டார். கடைசியில், போதும் என்று பட்டத்தைக் கொடுத்துவிட்டார். 1911-ல் மறுபடி மோதியபோதும் தோல்வி. பிறகு கோதாவை விட்டார். தத்துவப் புத்தகங்கள் எழுதினார். ஜெயித்த காட்ச் 1917-லேயே இறந்துவிட்டார். தோற்றவர் லண்டனில் 90 வயது வரை இருந்தார். எழுதிக்கொண்டே இருந்தார்.

அம்மாவின் சாம்பியன்

அம்மாவை மறக்கவில்லை. மில்ட்ரெட் பர்க் என்பது அந்தச் சாம்பியன் பெயர். 1915-ல் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். ஐந்தடி இரண்டு அங்குலம். கைக்குழந்தை. கணவர் கூட இல்லை. சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலை. குஸ்தி கற்றுக்கொடுங்கள் என்று பில்லி வூல்ஃப் என்ற பயில்வானிடம் போய் நின்றார். அவருக்கு விருப்பமில்லை. ஒரு தடிப்பையனை விட்டு, இந்தப் பெண்ணை ஓங்கிப் போடு, ஓடிவிடுவாள் என்று ஏற்பாடு செய்தார். என்ன ஆயிற்று? தடிப்பையன்தான் கீழே கிடந்தான்!

திருவிழாக் கொட்டகைகளில் ஆண்களோடு மோதினார். 1937-ல் பெண்கள் சாம்பியன் ஆனார். பதினேழு வருஷம் பெண்கள் மல்யுத்தத்தில் அவர் பெயர்தான் பெயர். பிறகு, கணவரும் மேனேஜருமாக இருந்த அதே வூல்ஃபோடு மணமுறிவு ஏற்பட்டது. தொழில் நடத்துகிறவர்கள் கதவை அடைத்தார்கள். மில்ட்ரெட் உட்கார்ந்து அழவில்லை. 1954-ல் ஜப்பானுக்குப் பெண் வீரர்களோடு போனார். அந்த ஊரில் பெண்கள் மல்யுத்தம் வேரூன்ற அந்தப் பயணம் காரணமாயிற்று. பிறகு கலிபோர்னியாவில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அதே 1954-ல் நம் நாட்டில் ஹமீதா பானு என்ற பெண்மணி, என்னை வெல்பவரை மணக்கிறேன் என்று ஆண் பயில்வான்களுக்குச் சவால் விட்டிருந்தார். பாபா பயில்வான் வந்தார். 1 நிமிஷம் 34 விநாடியில் தோற்றுத் திரும்பினார். இந்தப் பெயர்கள் எந்தச் சீட்டுக்கட்டிலும் வரவில்லை. எனவே வீட்டில் அந்தக் கேள்வி கேட்டதும் அம்மா எழுந்து போவதில் ஆச்சரியம் இல்லை.

எதிராளி இல்லாமல் வீரன் ஏது?

தாத்தாவின் தாராசிங்கைச் சொல்லாவிட்டால் தாத்தா கோபித்துக்கொள்வார். 1928-ல் அமிர்தசரஸ் பக்கம் பிறந்தவர். பிழைக்கச் சிங்கப்பூர் போனார். டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு குஸ்தி பயின்றார். 1968-ல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றார். பிறகு தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமாராக வந்து, குஸ்தி பாராத பாட்டிமார்களையும் கும்பிட வைத்தார். 2012-ல் காலமானார்.

ஆனால் தாராசிங் என்றதும் தாத்தா அடுத்த மூச்சில் சொல்லும் பெயர் என்ன? "கிங்காங்!" அந்த மனிதர் பெயர் எமில் சாயா. ஹங்கேரி நாட்டவர். 400 பவுண்டு எடை. சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் ஊர் ஊராக வந்து, ஜனங்களிடம் வசவு வாங்கி, அந்த உடம்பைத் தாராசிங் தூக்கிப் போட இடம் கொடுத்தார். அவர் விழுந்ததால் இவர் நிமிர்ந்தார். 1970-ல் மோட்டார் விபத்தில் காயம்பட்டுச் சிங்கப்பூரில் இறந்தார். "நான் கிங்காங்" என்று சொல்லும் தாத்தாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதே வேலையை இன்னும் பெரிய இடத்தில் செய்தவர் ஆந்த்ரே. பிரான்ஸ் நாட்டு ராட்சதர். உடம்பு வளர்வது நிற்காத வியாதி அவருக்கு. உயரம் ஏழடிக்கு மேல் என்றும் எடை 500 பவுண்டுக்கு மேல் என்றும் அறிவிப்பார்கள். பிளேன் ஆசனம், ஓட்டல் கட்டில், கழிப்பறைக் கதவு, எதுவும் அவருக்குப் பத்தாது.

1987 மார்ச் 29-ந் தேதி அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்கு அருகே பெரிய பந்தயம். எதிரில் ஹல்க் ஹோகன். அன்று ஆந்த்ரேக்குக் கெட்டவர் வேஷம். முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தார். உடைக்குள் பட்டை கட்டியிருந்தார். நிற்பதே வேதனை. ஹோகன் அவரைத் தூக்கிக் கீழே போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆந்த்ரே மனம் வைக்காவிட்டால் அவரைத் தூக்க உலகத்தில் ஆள் கிடையாது. ஸ்பிஷ்கோவைப் போலக் கடைசி நிமிஷத்தில் மாறியிருக்கலாம். யார் என்ன செய்ய முடியும்?

ஆந்த்ரே மாறவில்லை. ஹோகன் தோளுக்குத் தன்னைக் கொடுத்தார். அந்த முதுகோடு பலகைமேல் விழுந்தார். 93,173 பேர் என்று கம்பெனி அறிவித்த கூட்டம் எழுந்து நின்று ஹோகன் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஆந்த்ரே எழுந்து, கோதாவை விட்டு இறங்கி, மெதுவாக வெளியே போனார். ஆறு வருஷத்தில் 46 வயதில் இறந்துபோனார்.

உங்கள் வீட்டில் யாராவது "நான் ஆந்த்ரே" என்று சொன்னால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். என் வீட்டில் இன்னும் ஜான் சீனாதான்.